மூன்று நிமிஷத் தட்டைக் கேட்டுவிட்டு என்ன சொல்வது?

பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி எனக்கு எழுதிய கேள்விக்கு இந்தப் பதில். அவருடைய ஐயா காலத்துப் பெட்டகத்தைத் திறந்தபோது, அடியில் பழைய புடவையில் சுற்றிய நாற்பது சொச்சம் இசைத்தட்டுகள் கிடைத்திருக்கின்றன. அதில் கர்நாடக சங்கீத வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பாடிய ஒன்றை, காரைக்குடியில் நாங்கள் மாதம் ஒருமுறை கூடிக் கேட்கும் வீட்டுக்குப் போன மாதம் எடுத்து வந்தார். தட்டு ஓடி முடிந்ததும், "என்ன இவ்வளவு அவசரமாகப் பாடுகிறார்? ரேடியோ ஒலிப்பதிவில் இதைவிட நிதானமாக இருந்ததே" என்றார். பெரியவர்கள் இரண்டு பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒருவர், "தெரியாமப் பேசாதப்பா" என்றே சொல்லிவிட்டார். தம்பி அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்கிறார்: நான் சொன்னது தவறா? தட்டைக் கேட்டுவிட்டு நாலு பேர் நடுவில் எப்படித்தான் பேசுவது?

தம்பி, நீங்கள் கேட்டது சரி. அதற்குக் காரணம் சொன்ன இடத்தில்தான் பிசகு. அந்தத் தட்டில் ஒரு வேகம் இருந்தது, அது எல்லார் காதிலும்தான் விழுந்தது. ஆனால் வேகம் முழுவதையும் தூக்கி ஐயங்கார் தலையில் வைத்துவிட்டீர்கள். அதில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. தட்டைச் சுற்றும் இயந்திரத்துக்கு ஒரு பங்கு, தட்டின் அளவுக்கு ஒரு பங்கு, பாடியவருக்கு ஒரு பங்கு. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், பெரியவர்கள் நடுவில் நீங்கள் தயங்காமல் பேசலாம்.

முதலில் இயந்திரம். '78 சுற்று' என்று நாம் எல்லாப் பழைய தட்டுக்கும் பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அந்தக் காலத்தில் பதிவு செய்தவர்கள் எல்லாரும் சரியாக 78-லேயே பதிவு செய்யவில்லை. பழைய தட்டுகளில் 70-க்கும் 80-க்கும் நடுவே எந்த வேகமும் இருக்கலாம். நிமிஷத்துக்கு 74 சுற்றில் பதிவான தட்டை நாம் 78-ல் ஓட்டினால் பாட்டு ஐந்து சதவீதத்துக்குமேல் வேகம் கூடிவிடும். அதோடு நிற்காது, சுருதியும் ஏறக்குறைய அரைக்கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டையளவு, ஏறும். மூன்றேகால் நிமிஷம் பாடியது மூன்று நிமிஷத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். பத்து விநாடிதானே என்று தோன்றும். ஆனால் குரல் மெலிந்து, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் நடுக்கம் போலக் கேட்டு, வேகமாக உருளும் பிர்கா எல்லாம் இறுகிப்போவதற்கு அந்தப் பத்து விநாடி போதும். 'அவசரம்' என்று உங்கள் வாயில் வந்த சொல்லுக்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நாம் யாரும் வேகத்தைச் சரிபார்க்கவில்லை. அது வீட்டுக்காரனான என் தவறு, உங்கள் தவறில்லை.

சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் இன்னொரு சங்கதி உண்டு. அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நெம்பு இருக்கும். வீட்டில் யார் கை பட்டதோ அந்த இடத்தில்தான் அது நிற்கும். சுருள்வில் தளர்ந்துவிட்டால் பாட்டின் கடைசியில் சுருதி மெல்லக் கீழே இறங்கும். சின்ன வயதில் தேவகோட்டையில் எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், தட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு குறிப்பிட்ட பாட்டின் முடிவில் பாடகர் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்துகிறார் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். மின்சாரச் சுழல்மேடையில் அதே தட்டைப் போட்டுக் கேட்ட நாள்தான் அது சாவி தளர்ந்ததால் வந்த இறக்கம் என்று புரிந்தது. அந்த இறக்கத்தை நான் அவ்வளவு ரசித்திருந்தேன்!

சரி, சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பாடகரின் சுருதி தெரிந்தால் அதை வைத்துப் பிடிக்கலாம் என்பார்கள். இதில் எச்சரிக்கை வேண்டும். வயது ஏற ஏற வாய்ப்பாட்டுக்காரர்கள் சுருதியைக் குறைத்துக்கொள்வது வழக்கம். 1950-களில் வானொலியில் பாடிய சுருதியை வைத்து, அதற்கு இருபது வருஷம் முந்திய தட்டை இழுத்துப் பிடித்தால் தட்டு தேவைக்கு மேல் மெதுவாகிவிடும். எனக்குக் கைகொடுப்பது பின்னணியில் கேட்கும் ஆர்மோனியம். பழைய தட்டுகள் பலவற்றில் சுருதிக்கு ஆர்மோனியம்தான். தம்புராவையும் பிடிலையும் எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆர்மோனியத்தின் கட்டைகள் அப்படி நகராது. ஆகவே சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கினால் வேகத்தில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படலாம். பழைய ஆர்மோனியங்கள் எல்லாம் ஒரே அளவில் சுதி கூட்டியவை இல்லை என்பதால் இதையும் முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசித் தீர்ப்பு குரலிடம்தான். உயிரெழுத்துகளைக் கவனியுங்கள். 'ஆ' என்று நீட்டும் இடத்தில் பெரிய மனிதரின் நெஞ்சுக் குரல் கேட்கிறதா, சின்னப் பையன் குரல் கேட்கிறதா? குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அந்தக் குரல் மனிதக் குரலாக வந்து உட்காரும். அப்படி உட்காரும் நொடியைக் கேட்பது தட்டுச் சேகரிப்பவர்களுக்கு வாய்க்கும் பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

வானொலிப் பதிவில் ஆர்மோனியத்தைத் தேடாதீர்கள். அகில இந்திய வானொலி 1940-ல் அதை விலக்கி வைத்தது, தடை தளர 1971 ஆயிற்று.

இரண்டாவது பங்கு தட்டின் அளவுக்கு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடத்தான் கொள்ளும். பன்னிரண்டு அங்குலத்தில் நாலரை நிமிஷம். இதை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. கச்சேரியில் ஒரு கீர்த்தனையைப் பல்லவிக்கு ஆறேழு சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்), அனுபல்லவி, சரணம், நெரவல் (ஒரு வரியைக் கற்பனையாக விரிப்பது), ஸ்வரம் என்று விரித்தால் அரைமணி ஆகும். அதே கீர்த்தனையை ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் எதை விடுவது, எதை வைப்பது என்று வித்வான் முடிவு செய்தாக வேண்டும். ஒரு கை பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிவாகும் காலம் அது. நடுவில் பிசகினால் அந்த மெழுகு வீண், முதலிலிருந்து பாட வேண்டும். ஒட்டும் வெட்டும் பின்னாளில் நாடா வந்தபிறகு வந்தவை. ஆகவே அந்த மூன்று நிமிஷமும் ஒரே மூச்சில் பாடியது.

இதனால்தான் தட்டை வைத்துக்கொண்டு "அந்தக் காலத்தில் எல்லாரும் வேகமாகப் பாடினார்கள்" என்றோ "அப்போதெல்லாம் சங்கதி குறைவு" என்றோ முடிவு கட்டக் கூடாது என்கிறேன். சாப்பாட்டை இலையில் போடுவதும் தூக்குச் சட்டியில் அடைத்து அனுப்புவதும் ஒன்றாகுமா? ஆனால் தட்டுக்கென்று ஒரு அழகு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ராகத்தைப் படிப்படியாகக் காட்ட அங்கே நேரமில்லை. முதல் பிடியிலேயே ராகம் முகம் காட்டியாக வேண்டும். வீணை தனம்மாள் 1930-களில் கொடுத்த தட்டுகள் சிலவே. அவற்றைக் கேளுங்கள். ஒரு மீட்டு விழுந்து அதன் நாதம் அடங்குவதற்குள் ராகம் உங்கள் முன்னால் நிற்கும். நாகசுர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் தட்டில் கேளுங்கள். கோயில் வீதிகளில் மணிக்கணக்காக அந்த ராகத்தை வாசித்தவர் அவர். தட்டில் கேட்பது அந்த வெள்ளத்திலிருந்து மொண்ட ஒரு குடம். குடத்து நீரும் அதே ஆற்று நீர்தான் என்று எனக்குத் தோன்றும். எங்கள் வட்டத்தில் ஒரு நண்பர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். நாகசுரத்தைக் குன்றக்குடி அடிவாரத்தில் தள்ளி நின்று கேட்க வேண்டும், தட்டில் ஊசிக்கு அருகில் கேட்பது அதற்குச் செய்யும் அநியாயம் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வெளியில் வாசிக்கப் பிறந்த வாத்தியத்தை அறைக்குள் அடைத்துத்தானே பதிவு செய்தார்கள்.

தட்டு பாட்டைச் சுருக்கியதோடு நிற்கவில்லை, சில நேரம் பாட்டையே மாற்றியும் இருக்கிறது. முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடிய 'நகுமோமு' கீர்த்தனைத் தட்டு தமிழ்நாடு முழுக்க ஓடியது. அந்தக் கீர்த்தனையின் ராகமான ஆபேரியில் சதுஸ்ருதி தைவதம் (சற்று மேலேறிய 'த') இன்று நிலைத்திருப்பதற்கு அந்தத் தட்டு பரவியதும் ஒரு காரணம் என்று சங்கீதம் தெரிந்தவர்கள் பலர் சொல்வார்கள். சுத்த தைவதத்தோடு (அதைவிடத் தாழ்ந்த 'த') அதைப் பாடும் பாடமும் இருக்கிறது. இன்றைக்கு அதை யாராவது மேடையில் பாடினால் சபையே ஒரு கணம் நிமிர்ந்து உட்காரும். ஒரு தட்டு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் காது அதற்குப் பழகிவிடுகிறது.

மூன்றாவது பங்கு ஐயங்காருடையது. இங்கேதான் உங்கள் சொல்லைக் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அரியக்குடியில் 1890-ல் பிறந்தவர் அவர். பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் பாடம் கேட்டவர். இன்றைக்கு நாம் கேட்கும் கச்சேரியின் நடை, அதாவது வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கீர்த்தனைகளாகப் போய், பெரிய ராகம், பல்லவி, அப்புறம் துக்கடாக்கள் எனும் சிறு உருப்படிகள் என்று இறங்கும் அமைப்பு, அவர் நிலைநிறுத்தியது. அந்தக் கச்சேரிக்கு உயிர் மத்தியம காலம், அதாவது நடுவேகம். இழுத்து இழுத்துப் பாடி அலுப்புத் தட்டவிடுவது அவர் வழக்கமில்லை. ரேடியோ ஒலிப்பதிவிலும் இதே விறுவிறுப்பு இருக்கிறது, நன்றாகக் கவனித்துப் பாருங்கள். அங்கே பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சுவிட இடம் இருப்பதால் நிதானமாகத் தெரிகிறது.

அவசரம் வேறு, விறுவிறுப்பு வேறு. இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். தட்டு ஓடும்போது கையில் தாளம் போடுங்கள். பல்லவி எடுப்பில் பிடித்த காலப்பிரமாணம் (தாள வேகம்) சரணம் முடியும்வரை அசையாமல் நின்றால் அவர் அவசரப்படவில்லை, அதுதான் அவர் எடுத்துக்கொண்ட நடை. சில தட்டுகளில் கடைசி அரை நிமிஷத்தில் உங்கள் கை பின்தங்கும், பாட்டு முன்னால் ஓடும். நேரம் முடியப்போகிறது என்று பாடகருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதை அவசரம் என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. உங்கள் தட்டில் நான் கையில் போட்டுப் பார்த்தவரை தாளம் நகரவில்லை.

பெரியவர்களுக்கு ஏன் அவ்வளவு உறுத்தியது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்து வீடுகளுக்குக் கிராமபோன் வந்த கதை தனி. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வியாபாரம் செய்ய, போனவர்கள் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் திரும்பும்போது, பீங்கான் சாமான், பர்மாத் தேக்குச் சாமானோடு ஒரு பாட்டுப் பெட்டியும் கப்பலில் வந்து இறங்கும். இந்த ஊர்க்காரரான ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரே படம் எடுப்பதற்கு முன்னால் இசைத்தட்டுத் தொழிலில் இருந்தவர்தான். அவர் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930-களில் ஓடியன் தட்டுகளை விற்றது. கல்யாணத்துக்குப் பெரிய நாகசுரக்காரரையும் கச்சேரியையும் வைத்த வீடுகள், கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு அந்தத் தட்டுகளைப் போட்டுத்தான் அந்த நாளைத் திரும்பக் கேட்டன. வளவில் ஒருவர் சாவி கொடுப்பார். ஆச்சிமார் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வேலையாக இருந்தபடியே கேட்பார்கள். ஊசி மாற்றுவது பிள்ளைகள் வேலை. இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பதுதான் கணக்கு, ஆனால் ஊசிப் பெட்டி தீர்ந்துபோன வீடுகளில் ஒரே ஊசி பத்துப் பக்கம் ஓடும், தட்டின் பள்ளம் அரைபட்டுப் போகும். உங்கள் ஐயாவின் தட்டில் கேட்ட கரகரப்பு அப்படி வந்திருக்கலாம்.

அன்றைக்கு உங்களைக் கடிந்துகொண்ட பெரியவர் அந்தத் தட்டைத் தன் ஏழெட்டு வயதில் இப்படித்தான் கேட்டவர். நீங்கள் 'அவசரம்' என்றபோது அவர் காதில் விழுந்தது அந்த வளவைப் பற்றிய ஒரு சொல். அவருடைய அபிப்பிராயத்துக்கு அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. நினைவோடு சேர்த்துக் கேட்பதும் கேட்பதுதான். ஆனால் "தெரியாமப் பேசாதப்பா" என்பது அபிப்பிராயம் ஆகாது. பாட்டில் எந்த இடத்தைக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை. அதை மறுநாள் அவரிடமே நான் சொன்னேன்.

நீங்கள் கேட்ட அடுத்த கேள்வி, எப்படிப் பேசுவது என்பது. என் பதில் இதுதான்: இடத்தைச் சொல்லுங்கள். 'நன்றாக இருக்கிறது', 'உருக்கமாக இருக்கிறது', 'அந்தக் காலத்துக் குரல் அந்தக் காலத்துக் குரல்தான்' என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் தலையாட்டலாம், அல்லது சண்டைக்கு வரலாம். வேறு வழியில்லை. "அனுபல்லவி இரண்டாம் தடவை வரும்போது மேல் ஷட்ஜத்தில் ஒரு கார்வை கொடுத்து நீட்டி நிற்கிறார், அங்கே பிடில்காரர் வில்லை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார், அந்த மௌனம் எனக்குப் பிடித்தது" என்று சொன்னால், நாங்கள் ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்துக் கேட்கலாம். ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். இரண்டும் பாட்டைப் பற்றியதாக இருக்கும். ஸ்வரப் பெயர், ராகப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "தட்டு பாதி ஓடியபிறகு, இருமல் மாதிரி ஒரு வெடிப்புச் சத்தம் கேட்குமே, அதற்கடுத்த வரி" என்று சொன்னாலும் போதும். எங்கள் வட்டத்தில் சங்கீதமே படிக்காத ஒரு ஆச்சி இருக்கிறார். எந்த இடத்தில் பாடுகிறவர் மூச்சை மறைக்கிறார், எந்த இடத்தில் மறைக்கவில்லை என்று அவர் சொல்வார். இருபது வருஷம் பாட்டுக் கற்றவர்களும் கேட்காததை அவர் காது கேட்கும்.

எந்தப் பதிவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'அரியக்குடி பாடிய தோடி' என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்? தட்டா, ரேடியோவா, சபாவில் யாரோ ஸ்பூல் நாடாவில் பிடித்ததா? தட்டென்றால் லேபிளில் இருக்கும் எண்ணையும், லேபிளை ஒட்டி அரக்கிலேயே பொறித்திருக்கும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். லேபிள் பாதி உரிந்திருந்தாலும் அந்தப் பொறிப்பு நிற்கும்.

தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் கொண்டுவந்த கேசட்டில் உறைமேல் பாடியவர் பெயர் மட்டும் இருந்தது. தாள வாத்தியம் மட்டும் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டுவிட்டு, மிருதங்கம் இன்னார்தான் என்று பத்துப் பேர் நடுவில் அடித்துச் சொன்னேன். நண்பர் என்னை நம்பி உறையில் அந்தப் பெயரை எழுதிவிட்டார். அதிலிருந்து நகல் எடுத்தவர்களும் அப்படியே எழுதினார்கள். பிறகு அதே கச்சேரியின் முழு நாடா வேறொருவரிடம் கிடைத்தது. அறிவிப்பாளர் குரலில் வேறு பெயர் இருந்தது. நண்பரின் உறையில் திருத்திவிட்டேன். நகல்களில் போன தவறு எத்தனை வீட்டில் இருக்கிறதோ, இன்றைக்கும் எனக்கு அது மனக்குறைதான். அன்றிலிருந்து ஊகத்தைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுகிறேன்.

வானொலிப் பதிவுகளைப் பற்றிக் கொஞ்சம். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் நம் ஊர்களுக்கு நெருக்கமான நிலையம் அதுதான். வானொலியில் மூன்று நிமிஷக் கட்டாயம் இல்லை, அரைமணி, முக்கால் மணி என்று பாடலாம். ஆனால் அங்கும் கடிகாரம் இருக்கிறது. கைதட்டும் ஜனங்கள் எதிரில் இல்லை. அதனால் சில வித்வான்கள் வானொலியில் அடக்கமாகவும் சபையில் பொங்கியும் பாடுவார்கள். எது உண்மையான அவர் என்று கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? இரண்டும்தான். வீட்டில் ஸ்பூலில் பிடித்த நாடாக்களில் ஒரு விசித்திரம் உண்டு: பாட்டு எடுப்பதற்கு ஒரு நொடி முன்னால் அதே எடுப்பு மிக மெல்லியதாக, நிழல் போலக் கேட்கும். நாடா சுற்றிச் சுற்றிப் பல வருஷம் கிடந்ததில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் ஒட்டிக்கொண்டது அது. தம்புராவுக்குள் யாரோ முன்கூட்டியே முனகுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 90 நிமிஷக் கேசட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாற்பத்தைந்தாம் நிமிஷம் பக்கம் தீரும், பெரும்பாலும் அது தனி ஆவர்த்தனத்தின் நடுவில்தான் வந்து தொலையும்.

காரைக்குடி வீணையை மட்டும் அப்படித் தாண்டிப்போக எனக்கு மனம் வராது. திருக்கோகர்ணத்திலிருந்து வந்த பரம்பரை அது, தலைமுறை தலைமுறையாக வீணையே மூச்சாக வாழ்ந்தவர்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார், தம்பி சாம்பசிவ ஐயர் படுக்கவைத்து வாசிப்பார். ஒரே ஊரின் பெயரில் இப்படி இரண்டு விதம்! 1952-ல் சங்கீத நாடக அகாதமி விருது தொடங்கியபோது, முதல் வருஷமே கர்நாடக சங்கீதத்துக்காக அதைப் பெற்ற இருவர் சாம்பசிவ ஐயரும் அரியக்குடியும். காரைக்குடியும் அரியக்குடியும் எவ்வளவு தூரம் என்று பள்ளத்தூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்ணில் நின்றுகொண்டு அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

சாம்பசிவ ஐயரின் தானத்தை (ராகத்தைத் துடிப்போடு விரிக்கும் பகுதியை) கேட்க நேர்ந்தால் இரைச்சலைப் பொருட்படுத்தாமல் வலது கையைக் கவனியுங்கள். இடது கை இழுப்பில் உருகவைக்கும் வீணை வேறு வகை. இங்கே மீட்டு ஒவ்வொன்றும் உளி வைத்துத் தட்டியது போல விழும். பக்கத் தந்திகள் தாளத்தைச் சொல்லிக்கொண்டே போகும். முதல் தடவை கேட்டபோது எனக்கு இது கடினமாக இருந்தது, மென்மை போதவில்லை என்று தோன்றியது. அப்படியே சொல்லவும் செய்தேன். ஒரு பெரியவர் கோபிக்காமல், "ஒரு மாசம் கழிச்சுத் திரும்பக் கேளுங்க, மீட்டை மட்டும் எண்ணுங்க" என்றார். எண்ணினேன். அந்தக் கட்டுக்கோப்புக்குள் இருக்கும் அமைதி மெல்ல மெல்லத்தான் எனக்குக் கேட்டது. முதலில் சொன்ன அபிப்பிராயத்தை நான் மறைத்திருந்தால் அவர் அந்த வழியைக் காட்டியிருக்க மாட்டார். அதனால்தான் சொல்கிறேன், போன மாதத்தோடு நீங்கள் பேசுவதை நிறுத்திவிடக் கூடாது.

கிடைத்ததைப் பற்றியே பேசுகிறோம், கிடைக்காததும் நிறைய. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை தட்டில் பாட மறுத்தவர். லயத்தில் அவ்வளவு பெரிய வித்வான், அவர் குரல் ஒரு வரிகூட நமக்கு இல்லை. உங்கள் பெட்டகத்தில் கிடைத்த நாற்பதும் அந்த வகையில் பாக்கியம்தான்.

அவற்றை எப்படி வைத்துக்கொள்வது என்றும் எழுதிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். 78 தட்டு அரக்குச் சேர்ந்தது. ஸ்பிரிட், சாராயம் கலந்த எந்தத் திரவமும் அதைக் கரைத்துவிடும். பின்னாளில் வந்த லாங் பிளே (எல்.பி.) தட்டுக்கு விற்கும் துப்புரவுத் திரவத்தை வாங்கித் துடைத்துவிடாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மிதமான சோப்புத் திரவம் விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, லேபிளில் ஈரம் படாமல் நிழலில் உலர்த்தினால் போதும். அடுக்கடுக்காகப் படுக்கவைத்தால் அடித்தட்டு கீறல் விடும். புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். சித்திரை வெயிலில் மேல்மாடி அறையில் வைத்தால் தட்டு அப்பளம் போல வளைந்துவிடும். சுண்ணாம்புக் காரைச் சுவர் உள்ள கீழ் அறைகள் குளிர்ச்சியாக இருக்கும், அங்கே வையுங்கள்.

ஊசியும் முக்கியம். லாங் பிளே தட்டின் பள்ளம் மிகக் குறுகல், அதற்கான ஊசிமுனை 25 மைக்ரான் அளவில் இருக்கும். 78 தட்டுக்கு 75 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசியை 78-ல் வைத்தால் அது பள்ளத்தின் அடிக்குப் போய், அங்கே கிடக்கும் தூசியிலும் தேய்மானத்திலும் உரசிக்கொண்டு ஓடும். பாட்டு சுவரில் இருக்க, ஊசி குப்பையைப் படிக்கும். இரைச்சல் என்று நாம் வெறுக்கும் பல தட்டுகள் சரியான ஊசியில் சுத்தமாகப் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் "ஓடாத தட்டு" என்று குறைந்த விலைக்குக் கொடுப்பதை நான் தயங்காமல் வாங்குவது இதனால்தான்.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் அரியக்குடித் தட்டை மறுபடி எடுத்து வாருங்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஆர்மோனியம் கேட்டிருக்கிறேன். 78-ல் ஒருமுறை, 76-ல் ஒருமுறை, 74-ல் ஒருமுறை போடுவோம். குரல் எங்கே உட்காருகிறது என்று முதலில் நீங்கள் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பிறகு சொல்லட்டும். உங்களைக் கடிந்துகொண்ட பெரியவர் நேற்று என்னிடம் தொலைபேசியில் பேசினார். அதே தட்டு அவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறதாம், மறுபக்கம் உங்களுடையதைவிடத் தேயாமல் இருக்கும் என்றார். "அந்தப் பையன் வர்றான்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். பஸ்ஸில் வரும்போது தட்டைப் பைக்குள் படுக்கவைக்காமல், அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.